நட்சத்திர வீட்டுக் கதவும் நம் நாவும்

சினிமா ஹராமா, ஹலாலா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் சமுதாயம் வழக்காடி வந்திருக்கிறது. மிம்பரில் நின்று கண்டித்தோம். ஜமாஅத்துக் கூட்டங்களில் தீர்மானம் போட்டோம். 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், தெருவுக்கு ஒன்றாகக் கூரையேறிய ஆன்டெனாக்களைக் கண்டு பதறினோம். 1993இல் சன் டி.வி. வந்தபோது மறுபடியும் பதறினோம். தங்கள் ஊரில் சினிமாக் கொட்டகை இல்லை என்பதைக் காயல்பட்டினத்தார் பெருமையோடு சொல்வர். கேட்கும் நாமும் பெருமைப்படுவோம். இவையெல்லாம் கண்ணின்மீது தொடுக்கப்பட்ட வழக்குகள். நாவின்மீது தொடுக்கவேண்டிய வழக்கு ஒன்று இருந்ததே, அதை நம்மில் யார் தொடுத்தார்?

2024 நவம்பர் மாதக் கடைசியில், கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு நிக்காஹ் விருந்து. சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்தோம். எனக்கு எதிரே ஒரு ஹாஜியார். எழுபது வயதைக் கடந்தவர். ஐவேளையும் பள்ளியில் முன்வரிசையில் நிற்பவர். தொலைக்காட்சிப் பெட்டியைத் தம் வீட்டுக்குள் இன்றுவரை நுழைய விடாதவர். பிஸ்மில்லாஹ் சொல்லி நெய்ச்சோற்றில் கைவைத்த மறுகணம், "மாமா, ரஹ்மான் சங்கதி கேட்டியளா?" என்று ஒரு குரல். "கேட்டேன், கேட்டேன். நான் முன்னமே நெனச்சதுதான்" என்றார் ஹாஜியார். அப்புறம் கால்மணி நேரம்! மணமான ஆண்டு எது, பிள்ளைகள் எத்தனை பேர், யாரால் இது நடந்தது, சொத்து யாருக்குப் போகும் என்று அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. தொலைக்காட்சி இல்லாத வீட்டில் இவ்வளவு செய்தி எங்ஙனம் நுழைந்தது என்று வியந்தேன். சட்டைப்பையில் கைபேசி இருந்தது.

பொதுவில் அறிவிக்கப்பட்டது இவ்வளவுதான்: 1995இல் மணம் புரிந்த ஏ.ஆர். ரஹ்மானும் அவர் துணைவியாரும் பிரிந்து வாழ முடிவு செய்திருப்பதாக 2024 நவம்பர் 19ஆம் நாள் வழக்கறிஞர் வாயிலாக அறிக்கை வந்தது. அவருடைய இசைக்குழுவில் பணியாற்றிய கலைஞர் ஒருவரும் அதே நாளில் தம் மணவாழ்க்கை முறிந்ததை அறிவித்தார். இரு குடும்பங்களின் இரு துயரங்கள்! அவ்விரண்டுக்கும் இடையே ஒரு கோட்டைக் கிழித்துவிட்டுக் காசு பண்ணத் தொடங்கியது ஒரு கூட்டம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வழக்கறிஞரே சொன்னார். எவரும் காதில் வாங்கவில்லை. பிள்ளைகள் வேண்டுகோள் விடுத்தனர். துணைவியாரே தம் குரலைப் பதிவு செய்து வெளியிட்டு, கணவரின் நற்பண்புக்குச் சாட்சியம் சொல்லி, பொய் பரப்பவேண்டாம் என்று மன்றாடினார். ரஹ்மான் தரப்பில் வழக்கறிஞர் நோட்டீசும் வந்தது. 2025 மார்ச்சில் அவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தபோது, சட்டப்படி மணமுறிவு ஆகவில்லை என்றும், தம்மை முன்னாள் மனைவி என்று எழுதவேண்டாம் என்றும் அவ்வம்மையார் கேட்டுக்கொண்டார். அந்த இசைக்கலைஞரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நம் சஹனில் அந்தப் பெயர் எத்தனை முறை அடிபட்டது என்பது எனக்கும் அந்த மூவருக்கும் தெரியும். எழுதிக்கொண்டிருந்த வானவர்களுக்கும் தெரியும்.

கையில் கறித்துண்டோடு பேசிய பேச்சு அது. புறம் பேசுவதைத் திருமறை எதற்கு ஒப்பிட்டது? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை அறியாத ஹாஜியார் உண்டோ? வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல் என்று மூன்றையும் ஒரே வசனத்தில் அடுக்கித் தடுத்த இறைவன், இறந்துபோன சகோதரனின் சதையைத் தின்பதோடு அதனை ஒப்பிட்டான். இந்த மூன்றும் அதே வரிசையில் அன்றோ நம் சஹனுக்கு வந்து சேர்ந்தன? முதலில் "இருக்குமோ" என்ற ஐயம். பிறகு கைபேசியில் துருவல். பிறகு விருந்தில் பரிமாறல்.

"என்னய்யா பெரிய குற்றம்? ஊரே பேசுகிறது, நாங்களும் பேசினோம். நாங்களா கட்டிவிட்டோம்?" என்று கேட்பீர்கள். இதே கேள்விக்கு மதீனாவில் விடை கிடைத்துவிட்டது.

பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கழுத்து மாலையைத் தேடிப் பின்தங்கியதும், ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் ஏற்றிப் படையுடன் கொண்டுவந்து சேர்த்ததும் நம் வீட்டுச் சிறுவரும் அறிந்த வரலாறு. கதையைக் கட்டியவன் நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் ஒரு மாத காலம் அதை மதீனாவின் தெருக்களில் உயிரோடு வைத்திருந்தவர் யார்? நல்லவர்கள்! பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞர் ஹஸ்ஸான், நபியவர்களின் உறவினரான ஹம்னா. எவரும் கட்டியவர் அல்லர்; கேட்டதைச் சொன்னவர்கள். அவதூறுக்குரிய தண்டனை இம்மூவருக்கும் அளிக்கப்பட்டது என்றே அறிவிப்புகள் கூறுகின்றன. அந்நூர் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் இவர்களை நோக்கித்தான் பேசுகிறது: நாவுக்கு நாவாக வாங்கிக்கொண்டு, அறியாததை வாயால் சொல்லி, அதை அற்பமென்று எண்ணியவர்களை நோக்கி! "சும்மா பேசினோம்" என்பது நம் வாதமானால், அந்த வாதத்தையே குற்றச்சாட்டின் ஒரு பகுதியாக இறைவன் எழுதிவைத்துவிட்டான்.

அதே மதீனாவில் இன்னொரு வீட்டையும் வரலாற்று ஆசிரியர்கள் காட்டுகிறார்கள். அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களிடம் அவர் மனைவியார், ஊரில் பேசிக்கொள்வதைக் கேள்விப்பட்டீர்களா என்று கேட்கிறார். கேட்டேன், அது பொய் என்கிறார் கணவர். பிறகு, நீ அதைச் செய்வாயா என்று மனைவியையே கேட்கிறார். மாட்டேன் என்று விடை வருகிறது. உன்னைவிட மேலானவர் ஆயிற்றே ஆயிஷா என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார். ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு நிமிடம்! அந்தச் செய்தி அந்த வீட்டின் வாசலைத் தாண்டி மறுவீட்டுக்குப் போகவில்லை. நம் குடும்பங்களில் இரவுச் சோற்றின்போது நடக்கும் பேச்சை இதனோடு வைத்துப் பாருங்கள். பொய்யென்று சொல்லக்கூட நமக்குத் துணிவு வேண்டா. "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் நேர்மை போதும். அதுவும் கிடைப்பதில்லையே!

உடனே ஒருவர் எழுவார்: "அன்னை ஆயிஷா எங்கே, சினிமாக்காரர்கள் எங்கே? இந்த ஒப்பீடு தகுமா?" தகுதியை நான் ஒப்பிடவில்லை. ஆயினும் அதே அத்தியாயத்தின் 4ஆம் வசனம், கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது அடி என்கிறது. அவர்களின் சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர் என்கிறது. நபியின் துணைவியருக்கு மட்டும் உரிய சட்டமன்று அது. பாடகிக்குப் பொருந்தாது, நடிகைக்குப் பொருந்தாது என்று எந்த இமாம் எழுதிவைத்தார்? இந்த நாட்டுச் சட்டமும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. திருமறைக்கு அஞ்சாதவர் அதற்காவது அஞ்சலாம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வியாபாரம் புதிதன்று. 1943இல் சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்றொரு இதழைத் தொடங்கினார். நடிக நடிகையரின் படுக்கையறைக் கதைகளே அதன் சரக்கு. பெயர் வராமலிருக்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஆளுநரிடம் முறையிட்டதன்பின் அவ்விதழ் நின்றது. லட்சுமிகாந்தன் 'இந்துநேசன்' என்ற வேறொரு இதழைக் கைக்கொண்டு அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அடுத்த மாதம் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஆயுள் தண்டனை. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதன் நாயகன் சிறையில் இருந்தார். பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையாயினர். கலைவாணர் மீண்டும் எழுந்தார். பாகவதர் எழவேயில்லை, 1959இல் மறைந்தார். கொன்றவர் யார் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இந்த வழக்கில் ஒருவர்மீது மட்டும் எவரும் குற்றம் சாட்டவில்லை. காசு கொடுத்து அந்த இதழை வாங்கியவர்! "நான் எழுதினேனா? நான் குத்தினேனா? படித்தேன், அவ்வளவே" என்று அவர் தப்பிவிட்டார். அவர் வாங்காதிருந்தால் அந்த இதழ் இரண்டு வாரம் நின்றிருக்குமா? அவருடைய பேரப்பிள்ளைகளே இன்றைய நாம். அவராவது காலணாவோ அரையணாவோ எடுத்துக் கொடுத்தார். நாம் காசே கொடுப்பதில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பார்க்கப் பார்க்க எண்ணிக்கை கூடுகிறது. எண்ணிக்கை கூடக்கூட விளம்பரம் வருகிறது. விளம்பரப் பணத்தில் அடுத்த அவதூறு தயாராகிறது. ஹாஜியார் கைபேசியில் பார்த்த பத்து நிமிடம், அந்த அவதூறுக்காரனுக்கு அவர் கொடுத்த ஹதியா.

அவதூறுக்காரன் கெட்டிக்காரன். எதையும் நேராகச் சொல்லமாட்டான். படத்தைப் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியை நட்டுவிடுவான். "காரணம் இவரா?" "பிரிவின் பின்னணி என்ன?" சொன்னது யார் என்றால் எவருமில்லை. அந்தக் கேள்விக்குறி நம் வீட்டுக்கு வரும்போது முற்றுப்புள்ளியாகிவிடுகிறது. அவன் கேட்டான், நாம் தீர்ப்புச் சொல்கிறோம்!

இதில் நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு நோயும் சேர்ந்திருக்கிறது. அதற்கு 'நம்மவர்' நோய் என்று பெயர் வைக்கலாம். திலீப்குமார் யார் தெரியுமா, யூசுஃப்கான்! மதுபாலா யார், மும்தாஜ்! என்று பட்டியல் போடாத திண்ணை நம் ஊர்களில் இல்லை. ஒரு யூசுஃப்கான் 1944இல் திலீப்குமாராகித் திரைக்கு வந்தார். பின்னாளில் சென்னையில் ஒரு திலீப்குமார் ரஹ்மானார். முன்னதில் குறைபட்டுக்கொண்டோம், பின்னதில் இனிப்பு வழங்கினோம். 2009 பிப்ரவரியில் அவர் இரண்டு ஆஸ்கர் விருதுகளை ஏந்தி, அந்த மேடையில் தமிழில் இறைவனைப் புகழ்ந்தபோது நம் வீடுகளில் தக்பீர் முழங்காத குறைதான். சினிமா ஹராம் என்றவரும் அன்று நெஞ்சு நிமிர்த்தினார். யுவன் சங்கர் ராஜா 2014இல் தாம் இஸ்லாத்தைத் தழுவியதை அறிவித்தபோதும் அதே திருவிழா. ஒருவர் மார்க்கத்துக்கு வருவது மகிழ்ச்சிக்குரியது, ஐயமில்லை. ஆனால் நாம் வரவேற்றது ஒரு சகோதரரையா, ஒரு புகழையா? சகோதரரை வரவேற்றிருந்தால், அவர் வீட்டில் துயரம் நேர்ந்த நாளில் துஆவன்றோ கேட்டிருப்போம்? 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடிய அதே வாய்தான், "நம்மவராச்சே, நாம் கேட்காமல் யார் கேட்பது?" என்று பதினைந்தாண்டுக்குப் பின் அவர் வீட்டுக் கதவைத் தட்டிற்று.

புகழ்வதாக நினைத்துக்கொண்டு துன்புறுத்தவும் நமக்குத் தெரியும். காஷ்மீரத்துப் பெண் ஸாயிரா வஸீம் 'தங்கல்' படத்தில் நடித்துத் தேசிய விருது பெற்றவர். 2019 ஜூன் 30ஆம் நாள், தம் ஈமானுக்கு இடையூறாக இருப்பதாகக் கூறித் திரையுலகை விட்டு விலகினார். பதினெட்டு வயதுப் பிள்ளை! ஒரு சாரார் அவரை ஏசித் தீர்த்தனர், அவர்களை விடுங்கள். நாம் என்ன செய்தோம்? அவர் படத்தைப் போட்டுப் போட்டு "மாஷா அல்லாஹ்" என்று எழுதினோம். 2020 நவம்பரில் அந்தப் பிள்ளை, தம் பழைய புகைப்படங்களை எடுத்துவிடுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த வேண்டுகோள் செய்தியையே அவர் புகைப்படத்தோடு பரப்பியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். பாராட்டு எழுதும் வேகத்தில், அவர் கேட்டது என்ன என்று படிக்கக்கூட நேரமில்லை போலும்!

அப்படியானால் சினிமாவைப் பற்றி வாயே திறக்கக்கூடாதா? நன்றாகத் திறக்கலாம். படைப்பைப் பற்றிப் பேசுங்கள். நாகூர்க்காரரான ரவீந்தர் கண்ணதாசனோடு சேர்ந்து 'நாடோடி மன்னன்' படத்துக்கு எழுதிய வசனம் எப்படி? கவி கா.மு. ஷெரீப் 'முதலாளி' படத்துக்கு எழுதிய பாட்டில் சொல்லழகு எங்கே நிற்கிறது? ரஹ்மானின் தொண்ணூறுகளில் இருந்த இனிமை இப்போது உண்டா, இல்லையா? என் மைத்துனர் இல்லை என்பார். நான் உண்டு என்பேன். இருவரும் விடியும்வரை சண்டையிட்டிருக்கிறோம். கடை வீதியில் தையல்காரர் சொல்லும் கருத்துக்கும் இதில் மதிப்புண்டு. தன் பாட்டை ஊர்முன் வைத்தவன் ஊரின் தீர்ப்புக்குத் தலைநீட்டியவன். தன் மனைவி மக்களை அவன் அப்படி வைக்கவில்லை.

ஆனால் இங்கும் நம் நேர்மை ஓட்டையே. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைப் பற்றி நம் ஊர்களில் பேசாத நாவில்லை. சமுதாயத் தலைவர்கள் சிலர் படத்தைப் பார்த்துவிட்டு எதிர்த்தனர். அது அவர்கள் கருத்து, அதற்கு நியாயமும் உண்டு. தெருவில் கொதித்த ஆயிரவருள் அதைப் பார்த்தவர் எத்தனை பேர்? பிப்ரவரி 7ஆம் நாள் தமிழ்நாட்டில் படம் வெளிவந்தபின், பார்த்துவிட்டு மறுபடி பேசியவர் எத்தனை பேர்? பேச உரிமையுள்ள இடத்தில் பார்க்காமல் பேசினோம். உரிமையில்லாத இடத்தில் துருவித் துருவிப் பார்த்துப் பேசுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் வாதத்தை அநீதிக்காரர்கள் கேடயமாக எடுத்துக்கொள்வார்கள். அநீதிக்குள்ளானவர் உரத்த குரலில் முறையிடுவதை அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனம் அனுமதிக்கிறது; அது புறம் ஆகாது. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் கொடுமைகளை ஆராய 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. தங்குமிடத்தில் நள்ளிரவில் கதவு தட்டப்படுவது, கழிப்பறை வசதிகூட இல்லாத படப்பிடிப்புத் தளங்கள் என்று ஒவ்வொரு பெண்ணைப் பெற்றவரும் படிக்கவேண்டிய அறிக்கை. அதைப் பற்றி நம் வீடுகளில் எழுந்த ஒரே கேள்வி என்ன? "அந்த நடிகர் யார்?" பெயர்களை மறைத்து வெளியிட்டிருந்தார்கள், ஆகவே நமக்குச் சுவைப்படவில்லை. கொடுமை தெரிந்தது போதவில்லை, ஆள் தெரியவேண்டும்!

இக்கட்டுரையை அந்த ஹாஜியார் படிப்பார். அவர் வீட்டுக்கு இவ்விதழ் மாதந்தோறும் போகிறது. அவர் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. எனினும் நானும் அவரைப் புறம் பேசிவிட்டேனோ என்ற அச்சம் எழுந்ததால், எழுதி முடித்த தாள்களை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பின் அவர் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எல்லாம் சரிதான் தம்பி. ஆனா பேச்சை மொதல்ல எடுத்தது நானில்லை. அந்தச் சிங்கப்பூர்ப் பையன்தான். அதையும் சேர்த்து எழுதிடுங்க" என்றார். சேர்த்துவிட்டேன். நால்வர் அமர்ந்த அந்தச் சஹனில், அந்தக் கால்மணி நேரமும் "போதும், வேறு பேசுவோம்" என்று சொல்லாமல் சோற்றை அள்ளி உண்டவன் நான் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.